திருவாலங்காடு ஆறரை வருஷம் ஆந்திராவில் இருந்தது தெரியுமா? ம.பொ.சி.யும் எல்லையைத் தீர்மானித்த சபைகளும்

சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் ஏறினால், திருவள்ளூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருவாலங்காடு வந்துவிடும். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இருக்கும் ஊர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஊர். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்ததும் இங்கேதான்.

ஆனால் 1953 அக்டோபர் 1 முதல் 1960 மார்ச் 31 வரை இந்த ஊர் ஆந்திராவில் இருந்தது. பக்கத்தில் இருக்கும் திருத்தணியும்தான். அது எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு பெரிய மீசைக்காரரிடம் போய் நிற்போம். அவர் ம.பொ.சிவஞானம்.

யார் இந்த ம.பொ.சி.?

1906 ஜூன் 26-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. நெசவு வேலைக்குப் போனார். பிறகு வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் வேலை. மற்றவர்கள் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அடுக்கி, அப்படியே தமிழும் அரசியலும் கற்றுக்கொண்டார்.

காங்கிரஸில் சேர்ந்து பலமுறை சிறை போனார். 1942 போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறையில் இருந்தபோது உடம்பு கெட்டது. அந்த வயிற்று வலி கடைசிவரை விடவில்லை. சிறையில்தான் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். 'சிலம்புச் செல்வர்' என்ற பட்டம் அப்படி வந்தது. 1946-ல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். மொழிவாரி மாநிலம் வேண்டும், அதன் வடக்கு எல்லை வேங்கடமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வேங்கடம் என்றால் இன்றைய திருப்பதி மலை.

திருத்தணி எப்படி ஆந்திராவுக்குப் போனது?

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு போல இல்லை. 1952-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தில் 375 இடங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே.

அந்த வருஷம் அக்டோபரில் பொட்டி ஸ்ரீராமுலு, சென்னையும் சேர்ந்த ஆந்திரா வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார். டிசம்பரில் இறந்தார். தனி ஆந்திராவுக்கு மத்திய அரசு சம்மதித்தது. சென்னை யாருக்கு என்பதுதான் பெரிய சண்டை.

இங்கே ம.பொ.சி. தெருவில் கூட்டம் போட்டதோடு நிற்கவில்லை. அப்போது அவர் சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேன். செங்கல்வராயன் மேயராக இருந்தபோது, சென்னை தமிழர்களுக்கே உரியது என்று மாநகராட்சியிலேயே தீர்மானம் நிறைவேறியது. சாலை, சாக்கடை, குடிதண்ணீர் பற்றிப் பேசும் மன்றத்தில் போட்ட தீர்மானம்தான். ஆனாலும் அந்த நகரத்து மக்களின் வோட்டில் வந்த மன்றம் சொல்வதற்கு ஒரு எடை உண்டு. 1953 மார்ச் 25 அன்று, சென்னை நகரம் இல்லாமலே ஆந்திரா அமையும் என்று நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

சென்னை தப்பித்தது. திருத்தணி தப்பவில்லை. காரணம் எளிது: பிரித்தபோது மாவட்டத்தை அலகாக எடுத்துக்கொண்டார்கள். 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்திருந்தன. அந்த மாவட்டம் மொத்தமாக ஆந்திராவுக்குப் போனது. அதோடு திருத்தணியும் திருவாலங்காடும் போய்விட்டன.

போராட்டம் ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம்

வடக்கு எல்லையில் போராட்டம் சூடுபிடித்தது. அந்தக் கிராமங்களில் தமிழ் கற்பித்து வந்த ஆசிரியர் மங்கலங்கிழார் உள்ளூரில் ஆட்களைத் திரட்டினார். ம.பொ.சி. தடையை மீறிக் கைதானார். சிறைக்குப் போனவர்களில் உயிரோடு வீடு திரும்பாதவர்களும் உண்டு.

ஆனால் கூட்டமும் மறியலும் மட்டும் எல்லையை நகர்த்தாது. அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்வது இதுதான்: மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே. குடியரசுத் தலைவர் பரிந்துரைத்த பிறகுதான் மசோதாவே வர முடியும். அதற்கு முன் சம்பந்தப்பட்ட மாநிலங்களின் சட்டசபைகளுக்கு அதை அனுப்பி, கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கருத்து டெல்லியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் யார் என்ன கேட்டார்கள், எந்த ஊர் விட்டுப்போச்சு என்பதெல்லாம் பதிவாகிவிடும்.

இரண்டு மாநிலங்களும் ஒத்துவராததால் எச்.வி.படாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராகப் போட்டார்கள். அவருடைய கணக்கு வேறு. மாவட்டம் இல்லை, தாலுகா இல்லை, கிராமமே அலகு. அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் அதிகம்? அந்தக் கிராமம் அந்த மாநிலத்தோடு ஒட்டி இருக்கிறதா? இந்த இரண்டும் பொருந்தினால் ஊர் அந்த மாநிலத்துக்கு.

இந்தக் கணக்கின்படி எல்லை மாற்றச் சட்டம் 1959-ல் நிறைவேறியது. இதில் ஒரு சுவாரஸ்யம். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் அப்போது மாநிலங்களவையின் தலைவர். அவர் பிறந்த ஊரை மாநிலம் மாற்றும் மசோதா, அவர் தலைமை வகித்த அவையைக் கடந்து வந்தது.

கிடைத்தது என்ன? போனது என்ன?

1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. திருவாலங்காடும் திரும்பியது.

பதிலுக்கு, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. இன்றைய சத்தியவேடு அப்படிப் போனதுதான். திருப்பதி, காளஹஸ்தி, சித்தூர், புத்தூர் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. வேங்கடம் கேட்டவருக்குத் தணிகை கிடைத்தது, அவ்வளவுதான். ம.பொ.சி.க்கு அது முழு வெற்றி இல்லை.

கிராமத்தை அலகாக வைத்தாலும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சிறுபான்மை மிஞ்சத்தான் செய்யும். திருத்தணிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. எந்தச் சபையாலும் ஒரு வீட்டுக்குள் கோடு போட முடியாது.

பேசிப் பேசி வளர்ந்தவர், பேசக் கூடாத நாற்காலியில்

1967-ல் தி.மு.க. கூட்டணியில் தியாகராய நகரிலிருந்து எம்.எல்.ஏ. ஆனார் ம.பொ.சி. அந்த ஜூலை 18-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியபோது அவர் அவைக்குள்ளேயே இருந்தார். அவர் பல வருஷமாகக் கேட்டு வந்த பெயர் அது.

பிறகு மேலவையின் துணைத் தலைவராகவும், அதன்பின் தலைவராகவும் ஆனார். யோசித்துப் பாருங்கள். மேடைப் பேச்சாலேயே வளர்ந்தவர். ஆனால் அவைத் தலைவர் விவாதத்தில் பக்கம் சேரக் கூடாது. வோட்டு சமமாக விழுந்தால் மட்டுமே அவருக்கு ஒரு வோட்டு. யார் பேசலாம், எப்போது உட்கார வேண்டும், கேள்வி நேரம் எப்போது முடியும்: இதுதான் அன்றாட வேலை.

அப்புறம் மேலவை என்ன ஆச்சு?

63 உறுப்பினர்கள் கொண்ட அந்த மேலவைக்கு அதிகாரம் குறைவு. நிதி மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், நிராகரிக்க முடியாது. மற்ற மசோதாக்களைச் சில மாதம் தாமதிக்கலாம். தேவையா என்ற கேள்வி எப்போதும் இருந்தது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986 மே 14 அன்று, மேலவையைக் கலைக்கும்படி சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த நவம்பர் 1-ல் மேலவை முடிவுக்கு வந்தது. அதன் கடைசித் தலைவர் ம.பொ.சி. நவம்பர் 1, மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே தேதி. 2010-ல் மேலவையை மீண்டும் கொண்டுவரச் சட்டம் நிறைவேறியும், அவை இன்றுவரை கூடவில்லை.

ம.பொ.சி. 1995 அக்டோபர் 3-ல் காலமானார். வள்ளலார் பற்றிய நூலுக்காக 1966-ல் சாகித்ய அகாடமி விருது, 1972-ல் பத்மஸ்ரீ என்று கௌரவங்கள் வந்தன.

அடுத்த முறை ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால், பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாடு பஸ்ஸும் ஆந்திரா பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். எது உள்ளூர் பஸ், எது வெளிமாநில பஸ் என்பது, ஒவ்வொரு கிராமமாக எண்ணிப் பார்த்து முடிவான விஷயம்.