டு பாய்ஸ்: வாசல்தோறும் கேட்ட கேள்விகள்

1896ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஏழாவது வார்டுக்கு 28 வயது இளைஞர் ஒருவர் குடிவந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அவர். என்ன வேலை, என்ன கூலி, எத்தனை அறை, என்ன நோய் என்று வீடுவீடாகச் சென்று கேட்டார். 2,441 குடும்பங்களில் 334 குடும்பங்களுக்கே குளியலறை, கழிப்பறை வசதி இருந்ததை 1899இல் வெளிவந்த அவரது நூல் பதிவுசெய்கிறது.

அக்கேள்விகள் ஏன் தேவைப்பட்டன? கறுப்பினத்தவரின் நுரையீரல் பிறப்பிலேயே குறையுடையது, அடிமை உழைப்பே அதற்கு மருந்து என்று 1851இல் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் எழுதியிருந்தார். அவர்களது உயர்ந்த மரண விகிதத்துக்கு இனக்கூறே காரணம் என்று காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் 1896இல் நூல் வெளியிட்டார். பிறப்பின்மீது பழி சுமத்திவிட்டால் அரசோ வீட்டு உரிமையாளரோ முதலாளியோ பொறுப்பேற்க வேண்டியதில்லை. இத்தர்க்கம் நமக்கும் பழக்கமானதே.

1899 மே மாதம், இரண்டு வயதுகூட நிறையாத டு பாய்ஸின் மகன் அட்லாண்டாவில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். கறுப்பின மக்களின் நோயும் மரணமும் அவருக்கு வெறும் புள்ளிவிவரமாக இருக்கவில்லை. 1906இல் அவர் தொகுத்த உடல்நல ஆய்வறிக்கை, காசநோய் இனத்தின் நோயன்று, சமூக நிலைமைகளின் நோய் என்று நிறுவியது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் நகலைக் கேட்டார். டு பாய்ஸ் பரிவோடு பதிலளித்தார். 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவின் அக்ரா நகரில் அவர் மறைந்தார்.

அவர் எதிர்த்த கருத்து அவரோடு மறையவில்லை. நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டர் சோதனையில், கறுப்பினத்தவருக்குக் குறைந்த அளவே இயல்பு எனக் கொள்ளும் கணக்கீடு நெடுங்காலம் நீடித்தது. இனம் பார்க்காத கணக்கீட்டை அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி பரிந்துரைத்தது 2023இல்தான். இன்றும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

கணக்கீட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. முதல்நிலை மருத்துவரின் அறையிலும் டு பாய்ஸின் கேள்விகள் ஒலிக்க வேண்டும். இரவில் மூச்சுத் திணறி விழிக்கிறீர்களா? அன்றாடம் எடுக்க வேண்டிய இன்ஹேலரை நிறுத்தக் காரணம் விலையா, ஸ்டீராய்டு பற்றிய அச்சமா, மருத்துவர்மீதான அவநம்பிக்கையா? வீட்டுச் சுவரில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா? இன்ஹேலரை எப்படி உறிஞ்சுகிறீர்கள், செய்து காட்டுகிறீர்களா? இவற்றைக் கேட்காத மருத்துவர், மருந்தை ஒழுங்காக எடுக்காத நோயாளி என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார். பழி மீண்டும் பாதிக்கப்பட்டவர்மீதே விழும்.

விசாரணையின்றி எழுதப்படும் தீர்ப்பு செல்லாது என்பதை வழக்கறிஞர்களாகிய நாங்கள் நாள்தோறும் வாதிடுகிறோம். நோயாளியின் விடைகளும் மருத்துவக் குறிப்பேட்டில் சாட்சியமாகப் பதிவாக வேண்டும். மருந்தின் விலை, வாடகை வீட்டின் ஈரம், சாலையின் புகை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்க அந்தப் பதிவே நமக்கு ஆதாரமாகும்.