ஒயினைப் பிடித்த நோயும் லூயி பாஸ்டரும்

டீக்கடையில மாஸ்டர் பிரிக்கிற பால் பாக்கெட்டை ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. பாஸ்டுரைஸ்டுனு அச்சடிச்சிருக்கும். அது ஒரு மனுஷனோட பேர்ல இருந்து வந்த சொல். ஆனா லூயி பாஸ்டர் அந்த முறையைக் கொண்டுவந்தது பாலுக்காக இல்லை, ஒயினுக்காக.

ராயபுரத்துக்காரங்களுக்கு இது ரொம்பவே பக்கத்து விஷயம். கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்னாடியே இங்க ஆங்கிலோ இந்தியன் வீடுகள்ல திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை எல்லாம் பீங்கான் ஜாடிக்குள்ள போயிடும். வாயில துணியைக் கட்டி வைப்பாங்க. நல்லா வந்தா ஒயின், கவனிக்காம விட்டா வினிகர். இந்த ரெண்டுக்கும் நடுவுல யார் வேலை செய்றாங்கனு கண்டுபிடிச்சவரோட கதைதான் இது.

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27, பிரான்ஸ்ல தோல் என்கிற ஊர்ல. அப்பா தோல் பதனிடுறவர். வளர்ந்தது ஆர்புவா, சுத்தி எங்க பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். அவரோட முதல் பெரிய கண்டுபிடிப்பும் ஒயினோட சம்பந்தப்பட்டதுதான். ஒயின் பீப்பாய்ல படியிற உப்புல இருந்து டார்டாரிக் அமிலம் கிடைக்கும். 1848-ல, 25 வயசுல, அந்த அமிலத்தோட ஒரு வகை உப்பின் படிகங்களை லென்ஸ் வச்சுப் பார்த்து, ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் பிரிச்சார். நம்ம இடது கை, வலது கை மாதிரி ரெண்டு வகை இருந்துச்சு. வேதியியல்ல நீங்க படிக்கிற கைரல் மூலக்கூறு பாடம் இங்கதான் ஆரம்பிக்குது.

1856-ல ராயபுரத்துல இருந்து தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பிச்சு. அதே வருஷம் பிரான்ஸ்ல லீல் நகரத்துல பேராசிரியரா இருந்த பாஸ்டரைத் தேடி, பீட்ரூட்ல சாராயம் காய்ச்சுற ஒரு மாணவரோட அப்பா வந்தார். தொட்டி தொட்டியா சரக்கு புளிச்சுப் போகுது, காரணம் தெரியலை. பாஸ்டர் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கிட்டுப் போனார். நல்ல தொட்டியில உருண்டையான ஈஸ்ட். கெட்ட தொட்டியில குச்சி குச்சியா வேற ஏதோ. புளிக்கிறது வெறும் வேதிவினைனு பெரிய பெரிய ஆட்கள் சொல்லிட்டு இருந்த காலம் அது. இல்லை, இது உயிர்கள் செய்ற வேலைனு அவர் சொன்னார். ஒரு உயிர் சாராயம் தரும், இன்னொண்ணு புளிப்பு தரும், அவ்வளவுதான்.

1863-ல பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பிரான்ஸ் ஒயினுக்கு வர்ற நோய்களை ஆராயச் சொன்னார். பாஸ்டர் ஆர்புவாவுக்கே திரும்பிப் போய், ஒரு பழைய காபிக் கடையை லேபா மாத்தினார். புளிச்ச ஒயின், கசந்த ஒயின், கொழகொழனு நூல் விடுற ஒயின், ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு கிருமி. 50-ல இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை கொஞ்ச நேரம் சூடாக்கினாலே போதும், கிருமி அடங்கிடுது. பிரெஞ்சுக் கடற்படை இதை டெஸ்ட் பண்ணிப் பார்த்துச்சு. 500 லிட்டர் ஒயின்ல பாதியைச் சூடாக்கி, பாதியை அப்படியே விட்டு, ழான் பார் கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. 10 மாசம் கழிச்சு வந்தப்போ, சூடாக்கினது நல்லா இருந்துச்சு, மத்தது கெட ஆரம்பிச்சிருந்துச்சு.

இந்த வேலை நடந்த வருஷங்கள்ல அவர் வீட்டுல என்ன நடந்துச்சுனும் தெரிஞ்சுக்கணும். 1859-ல மூத்த மகள் டைபாய்டுல போயிட்டா. 1865-ல ரெண்டு வயசுக் குழந்தை. 1866-ல 12 வயசு மகள், மறுபடியும் டைபாய்டு. ஒயின் நோய்க்கு மருந்து தெரிஞ்சவருக்குத் தன் பிள்ளைங்களோட நோய்க்கு மருந்து தெரியாது. 1868-ல பக்கவாதம் வந்து இடது பக்கம் முடங்குச்சு. அப்பவும் அவர் நிறுத்தலை. 1885-ல வெறிநாய் கடிச்ச ஒன்பது வயசுப் பையனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாத்தினார். 1895 செப்டம்பர் 28-ல இறந்தார். 1907-ல நம்ம குன்னூர்ல அவர் பேர்ல பாஸ்டர் நிறுவனம் தொடங்கி, வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்துச்சு.

சரி, ஜாடிக்குத் திரும்புவோம். பாஸ்டருக்கு ரொம்ப காலம் முன்னாடியே பீப்பாய்க்குள்ள கந்தகத்தை எரிச்சு ஒயினைக் காப்பாத்தினாங்க. ஆனா அது ஏன் வேலை செய்யுதுனு யாருக்கும் தெரியாது. எதிரி யாருனு பாஸ்டர் காட்டினதுக்கு அப்புறம்தான் அதை அளந்து போட முடிஞ்சுது. இன்னைக்கு அந்தக் கந்தகப் புகையோட பொடி வடிவம்தான் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அதோட எடையில சுமார் 57 சதவீதம் சல்ஃபர் டை ஆக்சைடா வெளியே வரும்.

நொதிச்சுட்டு இருக்கிறப்போ பொங்கி வர்ற கார்பன் டை ஆக்சைடே ஜாடிக்குக் காவல். அது அடங்கி, வடிகட்டினதும் காவல் போயிடும். காற்று உள்ள வரும், வினிகர் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சல்ஃபைட் போட வேண்டிய நேரம் இதுதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு வேணும்னு வச்சுக்கங்க. 5 லிட்டருக்கு 250 மில்லிகிராம். 0.57-ஆல வகுத்தா பொடி சுமார் 0.44 கிராம். சிட்டிகைக் கணக்கு இங்க செல்லாது, எடை மெஷின் வேணும். இன்னொண்ணு, பிஎச். கிருமியை அடக்குறது அயனியாகாத சல்ஃபர் டை ஆக்சைடுதான். பிஎச் 3.2-ல அது சுமார் 4 சதவீதம், 3.8-ல வெறும் 1 சதவீதம். புளிப்பு குறைஞ்ச ஒயின்ல அதே அளவு பொடி கால்வாசி வேலைதான் செய்யும்.

மூணு விஷயம் மறக்காதீங்க. ஏற்கெனவே வினிகரா மாறினதைச் சல்ஃபைட் திருப்பித் தராது. இனிப்பு மிச்சம் இருந்தா ஈஸ்ட் மறுபடி எழும்பலாம், அப்போ இறுக்கி மூடின பாட்டில் வெடிக்கும். ஆஸ்துமா இருக்கிற சிலருக்குச் சல்ஃபைட் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். அதனால க்ளாஸை நீட்டுறதுக்கு முன்னாடி, இதுல சல்ஃபைட் இருக்குனு சொல்லிடணும்.

பாஸ்டர் நம்பினது சூட்டை, ஒயின் செய்றவங்க பெரும்பாலும் நின்னது கந்தகத்து பக்கம். ஆயுதம் மாறலாம். எதிரி யாரு, அவன் எப்போ உள்ள வர்றான்னு முதல்ல பாருங்கனு அவர் காட்டின வழி மட்டும் மாறலை. லேப்ல ரீடிங் தப்பா வந்தாலும், புரோகிராம்ல பக் வந்தாலும், நாம ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான்.