காலை இழக்க இருந்த சிறுவன், கனடாவின் மருத்துவத்தையே மாற்றிய கதை... யார் இந்த டாமி டக்ளஸ்?

கனடாவில் இருக்கும் நண்பர்கள், சொந்தக்காரங்க யார்கிட்ட பேசினாலும் ஒரு புலம்பல் கண்டிப்பா வரும். ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்க மாசக்கணக்கில் காத்திருக்கணும், எமர்ஜென்சிக்குப் போனாலும் மணிக்கணக்கில் உட்காரணும் என்பார்கள்.

ஆனால் 2004-ல் சிபிசி தொலைக்காட்சி, 'மிகச்சிறந்த கனடியர் யார்?' என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது முதலிடம் பிடித்தவர், அந்த மருத்துவத் திட்டத்துக்கு அடித்தளம் போட்ட டாமி டக்ளஸ்தான். முன்னாள் பிரதமர் பியர் ட்ரூடோகூட அவருக்குப் பின்னால்தான் வந்தார். திட்டத்தைத் திட்டுறாங்க, ஆனா அதைக் கொண்டுவந்தவரைக் கொண்டாடுறாங்க. ஏன்?

ஒரு காலும், ஒரு டாக்டரும்

1904-ல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் பிறந்தவர் டக்ளஸ். அப்பா இரும்பு வார்ப்புத் தொழிலாளி. சின்ன வயதில் முழங்காலில் பட்ட அடி, எலும்பு வரை தொற்றாகப் பரவியது. குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடியேறிய பிறகும் அது ஆறவில்லை. நல்ல சிகிச்சைக்குக் காசு இல்லாததால், காலை எடுத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தது.

அப்போது ஓர் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. அதே காலோடு குத்துச்சண்டை மேடை ஏறி, மானிடோபா மாகாணத்தின் லைட்வெயிட் சாம்பியன் ஆனார் டக்ளஸ். ஒரு டாக்டரின் கண்ணில் தற்செயலாகப் பட்டதால்தான் தன் கால் தப்பியது என்ற எண்ணம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

போதகர் டு முதல்வர்

1930-ல் சஸ்காட்செவன் மாகாணத்தின் வெய்பர்ன் ஊருக்கு பாப்டிஸ்ட் சபைப் போதகராக வந்தார். பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் சேர்ந்து கோதுமை விவசாயிகளை நொறுக்கிய காலம் அது. பிரசங்கம் மட்டும் பத்தாது என்று, விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து தொடங்கிய சி.சி.எஃப் கட்சியில் இணைந்தார். 1935-ல் எம்.பி. ஆனார். 1944 மாகாணத் தேர்தலில் அவர் தலைமையில் கட்சி 52-க்கு 47 இடங்களை அள்ளியது. வட அமெரிக்காவின் முதல் சோஷலிச அரசு என்று அதைச் சொல்வார்கள்.

ஒரே நாளில் வரல!

முதல்வரான கையோடு சுகாதாரத் துறையையும் டக்ளஸ் தானே வைத்துக்கொண்டார். 1947-ல் மருத்துவமனைக் காப்பீடு அமலுக்கு வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர் கட்டினால், மருத்துவமனையில் சேர்ந்தால் பில் கிடையாது. ஆனால், டாக்டர் ஃபீஸ் இதில் வராது.

அதையும் சேர்க்க, மாகாணத்தின் கையில் பணம் இருக்க வேண்டும். எனவே கடனைக் குறைத்து, பட்ஜெட்டைச் சமாளித்துக் காத்திருந்தார். மருத்துவமனைச் செலவில் ஏறக்குறைய பாதியை ஏற்பதாக 1957-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அதனால் மிச்சமான பணம்தான் அடுத்த கட்டத்துக்கு வழிவிட்டது. 1960 தேர்தலில் இதையே முக்கிய வாக்குறுதியாக்கி ஜெயித்தார்.

23 நாள் ஸ்டிரைக்

1961-ல் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு, புதிதாக உருவான என்.டி.பி. கட்சியின் முதல் தேசியத் தலைவராக டக்ளஸ் டெல்லிக்கு... மன்னிக்கவும், நம்மூர் கணக்கில் டெல்லி, அங்கே ஒட்டாவா அரசியலுக்குப் போனார். முதல்வர் நாற்காலி வுட்ரோ லாயிட் வசம் வந்தது.

1962 ஜூலை 1, திட்டம் தொடங்கிய அதே நாளில் மாகாணத்தின் பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கை மூடினார்கள். அரசு தங்களைச் சம்பள ஊழியர்களாக்கிவிடும் என்பது அவர்கள் பயம். பிரிட்டனில் இருந்து டாக்டர்களை வரவழைத்துச் சமாளித்தது அரசு. 23 நாளில் சமரசம் வந்தது. டாக்டர்கள் தனியாகவே தொழில் நடத்தலாம், பில்லுக்கான பணம் மட்டும் அரசுத் திட்டத்தில் இருந்து வரும். கனடாவில் இன்றும் அடிப்படை ஏற்பாடு இதுதான்.

இந்தக் கோபத்தின் விலையை டக்ளஸும் கொடுத்தார். ஸ்டிரைக்குக்குச் சில நாட்கள் முன்பு நடந்த தேசியத் தேர்தலில் ரெஜைனா தொகுதியில் தோற்றார். பிறகு வேறு மாகாணத்தில் இடைத்தேர்தலில் நின்றுதான் நாடாளுமன்றம் போனார்.

ஆனால், திட்டம் நின்றது. லெஸ்டர் பியர்சனின் லிபரல் அரசு 1966-ல் மத்தியச் சட்டம் கொண்டுவர, 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

கறையும் உண்டு

1933-ல் டக்ளஸ் எழுதிய முதுகலை ஆய்வேடு, மனவளர்ச்சி குறைந்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை ஆதரித்தது. இன்று படித்தால் அதிர்ச்சியாகவே இருக்கும். ஆட்சிக்கு வந்தபின் அப்படிப்பட்ட பரிந்துரைகளை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஆய்வேடு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்போ என்ன நிலைமை?

1986-ல் புற்றுநோயால் டக்ளஸ் மறைந்தார். '24' சீரிஸ் நாயகன் கீஃபர் சதர்லேண்ட் அவருடைய பேரன்தான்.

இது முழுக்க 'இலவசம்' இல்லை, வரிப்பணத்தில் ஓடுவது. வெளியே வாங்கும் மாத்திரை, பல் சிகிச்சை, கண்ணாடி ஆகியவை அடிப்படைத் திட்டத்தில் வரவில்லை. பல் சிகிச்சைக்கும் சில மருந்துகளுக்கும் மத்திய அரசு அண்மையில்தான் தனித் திட்டங்களைத் தொடங்கியது. காத்திருப்பு நேரம் குறையணும்னா தனியாரை உள்ளே விடணுமா, அரசே கூடுதலா செலவு செய்யணுமா என்ற சண்டை ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. ஆனால், ஆபரேஷனுக்குப் பணம் இல்லை என்பதற்காக ஒரு குழந்தையின் காலை எடுக்கலாம் என்று அங்கே எந்தக் கட்சியும் பேசுவதில்லை.