லிண்ட்லி மறே சரித்திரம்

ஆங்கிலங் கற்பிக்கும் உபாத்தியாயர்களுள் லிண்ட்லி மறே என்பவருடைய பெயரை அறியாதார் இக்காலத்துப் பலராயினும், அவர் எழுதிவைத்த விதியைக் கையாளாதார் மிகச் சிலரே. ஒருவரை ஒரு பெயராற் கூறி, அவரையே பின்னொரு பெயரால் விளக்குமிடத்து, அவ்விளக்கத்தின் இருபுறமுங் காற்புள்ளி இடுக என நாம் சிறுவர்க்குச் சொல்லுகின்றோமன்றோ? இதனைப் பாடசாலைதோறும் பரவச் செய்தவர்களுள் முதல்வைத்து எண்ணத்தக்கவர் இவரே.

மறே 1745ஆம் ஆண்டு வட அமெரிக்காவிலே பென்சில்வேனியாவைச் சார்ந்த ஓரிடத்திற் பிறந்தார். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சேர்ந்த குடும்பம். தந்தையார் றொபேட் மறே நியூயோர்க்கிலே பெருவணிகராய் விளங்கியவர். மூத்த புதல்வராகிய இவரையும் வணிகத்திற் பழக்க விரும்பினார். புதல்வருக்கோ கல்வியிலேயே நாட்டம். ஒருமுறை தந்தையார் தண்டிக்க, அது பொறாது இரகசியமாய் வீட்டைவிட்டு நீங்கி, பேர்லிங்ரன் என்னும் ஊரிலுள்ள விடுதிப் பாடசாலையொன்றிற் சேர்ந்து பிரெஞ்சு படிக்கத் தொடங்கினாராம். பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1767இல் ஹன்னா டொப்சன் என்னும் அம்மையாரை மணந்தார். அமெரிக்கர் சுதந்திரப் போர் நிகழ்ந்த காலத்தில் வணிகஞ் செய்து பொருளீட்டினார். பொருள் சேர்ந்தபொழுது தசைகள் தளர்ந்தன, நடை குன்றியது. சீதோஷ்ண மாற்றம் நலந்தருமென்று கருதி 1784இல் இங்கிலாந்து சென்று, யோர்க் நகருக்கு அணித்தான ஹோல்கேற்றிலே தங்கினார். நோய் தீரவில்லை, பிறந்த நாட்டுக்கு அவர் மீளவுமில்லை.

ஆசனத்தினின்றும் எழுந்து நடக்க மாட்டாத இவரிடத்தே, யோர்க்கிலிருந்த குவேக்கர் பெண்பாடசாலையின் இளம் ஆசிரியைகள் சிலர் வந்து இலக்கணங் கேட்டனர். தம் மாணாக்கியர்க்கு ஏற்ற நூலொன்று செய்து தருமாறு அவர்களே விண்ணப்பஞ் செய்தனர். அவ்வாறு பிறந்ததே 1795இல் வெளிவந்த ஆங்கில இலக்கணம். பாடஞ் சொல்லுவோர் தங்குறை இன்னதென்று தாமே எடுத்துச் சொல்லப் பிறந்த நூலாதலின், நம்மனோர் இதனைச் சிறிது ஊன்றி நோக்குதல் தகும். லோத் முதலிய முன்னோர் நூல்களினின்றும் பெரும்பகுதியை எடுத்துத் தொகுத்தமையால், இவரைக் குறைகூறினாரும் உளர். தொகுத்தவரென்றே அவரும் தம்மைச் சொல்லிக்கொண்டார். சிறுவர்க்குரிய நூலிலே புதுமையினும் ஒழுங்கே வேண்டற்பாலது என்பது நங்கருத்து.

குறியீடுகளுக்கு அவர் கால அளவு வகுத்தார். காற்புள்ளிக்கு ஒன்றாயின், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு நான்கு, முற்றுப்புள்ளிக்கு எட்டு. நாம் தமிழிலே வழங்கும் பெயர்களோ கால், அரை, முக்கால், முற்று என ஒரே அளவாய் ஏறுவன. இரண்டையும் ஒரே வகுப்பிற் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை மறவாதிருக்க.

இனி, எடுத்துக்கொண்ட விதியைப் பார்ப்போம். விளக்கவரும் பெயர் அடைமொழிகளோடு நீண்டுவரின் காற்புள்ளியாற் பிரிக்க. தனித்து ஒரு சொல்லாய் நிற்பினும், இரண்டுஞ் சேர்ந்து ஒரு பெயர்போல ஆயினும் பிரியாதொழிக என்பது மறேயின் துணிபு. ஆங்கில முறையிலே சொற்களை வைத்துக் காட்டுதும்: கந்தையா, எங்கள் ஊர்ப் பரிகாரியார், வந்தார். இங்கே இரண்டாங் காற்புள்ளியை விட்டுவிடின் நிகழ்வது யாது? கந்தையா, எங்கள் ஊர்ப் பரிகாரியார் வந்தார். கந்தையாவை விளித்து, பரிகாரியாரின் வரவை அறிவிக்கும் வாக்கியமாயிற்று. வந்தவரே கேட்பவராகி, ஒருவர் இருவராயினர்.

நம் பிள்ளைகள் முதற் புள்ளியை இட்டு இரண்டாவதை மறப்பதற்குக் காரணம் அவர்தம் சோம்பலன்று; தாய்மொழி வழக்கே. சிறப்புப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருதலே சிறப்பென்றார் நன்னூலார். எங்கள் ஊர்ப் பரிகாரியார் கந்தையா வந்தார் என்னுமிடத்துப் புள்ளிக்கு வேலையே இல்லை. இருபெயரொட்டைக் கற்பிக்கும்போதே இவ்வேற்றுமையைக் காட்டினால், பிரம்புக்கும் வேலை இராது. மிசன் கல்லூரியிலே நாம் ஆங்கிலம் பயின்றபோது விதியைச் சொன்னார்கள். இக்காரணத்தை எவருஞ் சொன்னாரில்லை.

மறேயின் விதியில் ஒரு குறையுமுண்டு. அவர் நீளத்தை நோக்கினார், பொருளை நோக்கினாரில்லை. என் தம்பி முருகன் வந்தான் என்பதைப் புள்ளியின்றி ஆங்கிலத்தில் எழுதின், தம்பியர் பலருள் முருகன் என்று கொள்ள இடமுண்டு. முருகன் என்பதை இருபுறமும் பிரித்தெழுதின், தம்பி அவனொருவனே என்பது போதரும். பிற்காலத்து இலக்கணகாரர் இதனையே முதன்மையாக்கினர். மேல்வகுப்பாருக்கு நாமும் அதனைக் கற்பித்தல் வேண்டும். கீழ்வகுப்பாருக்கு மறே போதும்.

1797இலே பயிற்சிநூலும் அதற்கு விடைநூலும் வெளியிட்டார். புள்ளிகளை நீக்கிய வாக்கியங்களைத் தந்து, மாணாக்கரே இடும்படி செய்தார். 1799இல் வாசகநூல் வந்தது. இவை அத்திலாந்திக்கின் இருகரையிலும் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. வந்த ஊதியத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது அறத்துக்கே ஈந்தார்.

இறுதியில் ஏறக்குறையப் பதினாறாண்டு வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதவராயிருந்து, 1826ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் எண்பதாவது வயதில் இறந்தார். ஹன்னா அம்மையார் 1834 வரை இருந்தார். அவருக்குப்பின் எஞ்சிய பொருள், அடிமைகளை விடுவித்தல் முதலிய தருமங்களுக்காக நியூயோர்க்கிலே சேரும்படி மறே தமது மரணசாதனத்தில் எழுதிவைத்திருந்தார்.