பனியோடு மிதந்தவர்

நார்வே நாட்டின் கரை நெடுகிலும் கடல்நீர் மலைகளுக்கிடையே வெகுதொலைவு உட்புகுந்து கிடக்கிறது. இக்குறுகிய கடற்கழிகளை ஃபியோர்டு என்பர். இன்று ஆஸ்லோ என வழங்கும் அந்நாட்டுத் தலைநகருக்கு அருகில் 1861 அக்டோபர் 10 அன்று பிறந்தவர் ஃபிரிட்யோஃப் நான்சென். விலங்கியல் கற்று, நரம்பு மண்டல ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றவர். ஆயினும் 1882இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் வடகடல் சென்றதுமுதல் அவர் நெஞ்சம் பனிநிலத்தையே நாடியது.

1888இல் கிரீன்லாந்தின் குறுக்கே பயணம் மேற்கொண்டார். அவருக்கு முன் முயன்றோர் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு இடைவழியில் திரும்பியிருந்தனர். நான்சென் மனித நடமாட்டம் மிக அரிதான கிழக்குக் கரையில் இறங்கினார். பின்வாங்கினால் சென்றடைய ஊரில்லை, முன்னேறினால்தான் உயிர். ஐந்து துணைவர்களுடன் பனிச்சறுக்குக் கட்டைகளில் அத்தீவைக் கடந்தார். ஊருக்குத் திரும்பக் கப்பல் இல்லாமையால் குளிர்காலத்தை அங்குள்ள இனூயிட் மக்களுடன் கழித்தார். கயாக் படகு செலுத்த அவர்களிடம் கற்றது பிற்காலத்தில் அவர் உயிரைக் காத்தது.

1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கிய ஜெனட் என்னும் கப்பலின் பொருள்கள், மூன்றாண்டுகளுக்குப்பின் கிரீன்லாந்துக் கரையருகே கிடைத்தன. பனிப்பாளங்கள் வடதுருவக் கடலைக் கடந்து மிதந்து செல்கின்றன என்பதற்கு இதனையே சான்றாகக் கொண்டார் நான்சென். பனியோடு போரிடாமல் அதனோடு மிதந்துசெல்லும் கப்பலொன்றைக் கட்டுவித்தார். அழுத்தும் விரல்களிடையே நுங்குச் சுளை நழுவுவதுபோல, பனி நெருக்கும்போது மேலெழும்பும்படி அதன் அடிப்பகுதி உருட்சியாக அமைந்தது. முன்னோக்கி எனப் பொருள்படும் ஃபிராம் என்பது அதன் பெயர். அறிஞர் பலர் இத்திட்டத்தைப் பித்துக்கொள்ளித்தனம் என்றே கருதினர்.

பதின்மூவருடன் 1893இல் புறப்பட்ட ஃபிராம், செப்டம்பரில் பனியில் உறைந்தது; நசுங்கவில்லை. ஆனால் மிதக்கும் வழி துருவத்தைத் தொடாது எனத் தெரிந்ததும், 1895 மார்ச் 14 அன்று யோஹான்சென் என்பவருடனும் இருபத்தெட்டு நாய்களுடனும் நான்சென் கப்பலை விட்டு இறங்கினார். நகர்ந்துகொண்டேயிருக்கும் கப்பலை மீண்டும் கண்டுபிடித்தல் அரிது. 86 பாகை 14 கலை வடக்கு வரை சென்றனர். அதுவரை எவரும் எட்டாத இடம். துருவம் இன்னும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆனால் பனிமேடுகள் வழிமறித்தன. காலடிப் பனியோ தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. கிரீன்லாந்தில் திரும்பும் வழியே வேண்டாமென்ற நான்சென் இங்கே திரும்பினார். அவர் எடுத்த முடிவுகளுள் அரியது இதுவே எனலாம்.

மீள்பயணம் கொடிது. சாவி கொடுக்க மறந்ததால் இருவர் கடிகாரங்களும் நின்றுபோயின. நேரம் தெரியாவிடில் தீர்க்கக்கோட்டைத் துல்லியமாகக் கணிக்க இயலாது. எத்தீவை நோக்கிச் செல்கிறோம் என்பதே ஐயமாயிற்று. உணவு குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொல்ல நேர்ந்தது. ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளுள் ஒன்றில் கல்லடுக்கி, வால்ரஸ் தோலால் கூரை வேய்ந்து, கரடி இறைச்சி உண்டு 1896 மே மாதம் வரை உயிர்தரித்தனர். பின்னர்த் தெற்கே செல்லும் வழியில், உடைமை அனைத்தையும் சுமந்த கயாக்குகள் ஒருநாள் கரையிலிருந்து விலகி மிதந்தன. நான்சென் உறைநீரில் பாய்ந்து, கைகால் மரத்துப்போகும் நிலையில் அவற்றை எட்டிப் பிடித்தார். சில நாள்களில் நாய் குரைக்கும் ஒலி கேட்டது. அங்கு முகாமிட்டிருந்த ஆங்கிலேயர் ஜாக்சன் எதிர்ப்பட்டார். ஆகஸ்டு 13 அன்று நான்சென் நார்வேயின் வார்தோ துறையில் இறங்கினார். அதே நாளில் ஃபிராமும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவருகே பனியினின்று விடுபட்டது. பதின்மூவரும் உயிருடன் மீண்டனர்.

முதல் உலகப்போருக்குப்பின் நாடுகளின் சங்கம் போர்க்கைதிகளை மீட்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். நாடிழந்த அகதிகளுக்காக அவர் உருவாக்கிய பயண ஆவணம் நான்சென் கடவுச்சீட்டு என்றே வழங்கியது. 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1930 மே 13 அன்று தம் இல்லத்தில் காலமானார். ஃபிராம் கப்பலை இன்றும் ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் காணலாம்.