பாக்கெட் நிறைய ரப்பர் விதை: மலாயாவையே மாற்றிய சிங்கப்பூர் பூங்கா இயக்குநர் ரிட்லி யார்?

சிங்கப்பூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் தாவரவியல் பூங்கா கட்டாயம் இருக்கும். ஆர்க்கிட் பூக்கள், ஏரியில் அன்னம், நாலு செல்ஃபி என்று அரை நாள் ஓடிவிடும். ஆனா, லட்சக்கணக்கான தமிழர்கள் மலாயாவுக்குக் கப்பலேறியதற்கும் இந்தப் பூங்காவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதற்குக் காரணமானவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

யார் இவர்?

1855-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் தாவரவியல் பிரிவில் வேலை பார்த்தார். 1888-ல் சிங்கப்பூர் பூங்காவின் முதல் இயக்குநராக வந்தபோது வயது 32.

அப்போது பூங்காவில் ரப்பர் மரங்கள் ஏற்கெனவே இருந்தன. 1876-ல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 22 கன்றுகள் மட்டும் 1877-ல் சிங்கப்பூர் வந்தன.

என்ன கண்டுபிடித்தார்?

அமேசான் காடுகளில் கோடாரியால் கொத்தித்தான் பால் எடுப்பார்கள். மரம் சீக்கிரமே பட்டுப்போகும். ரிட்லி வேறு வழியைத் தேடினார். பட்டையில் மீன் முள் வடிவில் சாய்வாகக் கீறி, அதே காயத்தில் மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பச் சீவினால் பால் அதிகம் வரும், பட்டையும் மறுபடி வளரும் என்று 1890-களில் நிரூபித்தார். மரத்தைக் கொல்லாமல் பல ஆண்டுகள் பால் எடுக்கலாம் என்றானது.

ஏன் ‘பைத்தியக்கார ரிட்லி’?

மலாயாவின் தோட்ட முதலாளிகள் அப்போது காபியை நம்பி இருந்தார்கள். பலன் தர ஆறேழு வருஷம் ஆகும் மரத்தில் யார் பணம் போடுவார்? ரிட்லி விடவில்லை. பார்க்கிறவர்கள் கையிலெல்லாம் பாக்கெட்டில் இருந்து விதையை எடுத்துத் திணிப்பாராம். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

1896-ல் மலாக்காவின் டான் சே யான் துணிந்து பயிரிட்டார். கொஞ்ச காலத்தில் காபி விலை சரிந்தது. கார் டயருக்கு ரப்பர் தேவை எகிறியது. 1920 வாக்கில் உலக ரப்பரில் சுமார் பாதி மலாயாவில் இருந்து போனது.

தமிழர்களுக்கு என்ன ஆனது?

இத்தனை மரங்களைச் சீவ ஆள் வேண்டுமே? கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்கு வந்து ஆள் சேர்த்தார்கள். விடிவதற்கு முன்பே வேலை, லயன் வீடு, குறைந்த கூலி, மலேரியா. ரப்பரை ‘பால்மரம்’ என்று அழைத்த அந்தக் குடும்பங்களின் வாரிசுகள்தான் இன்றைய மலேசியத் தமிழர்களில் பெரும்பாலானோர். மரம் சாகாமல் பால் எடுக்க ரிட்லி வழி கண்டார். சீவுகிற ஆளைப் பற்றி அந்தத் தொழில் அவ்வளவு யோசிக்கவில்லை.

கடைசிக் காலம்

ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்து திரும்பி, மலாயத் தாவரங்களைப் பற்றி 5 தொகுதிகள் எழுதினார். 80 வயதைத் தாண்டித்தான் கல்யாணம். 1956-ல் இறந்தபோது வயது 100. அடுத்த ஆண்டே மலாயா சுதந்திரம் பெற்றது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

2015 முதல் இது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை அனுமதி இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். அங்கே ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ பூவைத் தேடிப் பாருங்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான இதை 1893-ல் முதன்முதலில் விவரித்து எழுதியதும் ரிட்லிதான்.

பூங்கா வாசலிலேயே எம்.ஆர்.டி. ஸ்டேஷன் இருக்கிறது. டவுன்டவுன் லைனில் அடுத்த ஸ்டேஷன் பெயர் டான் கா கீ. ரப்பரில் சம்பாதித்து, பக்கத்திலேயே சீன உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியவர் அவர்.