மீளாத கால்கள், மீண்ட தொழில்

சீனன்குடாவில், செல்லடியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட அண்ணா ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்தே கைத்தொலைபேசி திருத்துகிறார். அவரைச் சந்தித்துத் திரும்பும்போது வைத்தியர் மேரி வர்கீஸை நினைத்துக்கொண்டேன்.

1925இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1954இல் நடந்த வீதி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. வைத்தியர் போல் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின் நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1986இல் காலமானார்.

அவருடைய கால்கள் கடைசிவரை மீளவில்லை, தொழில் மீண்டது. எங்கள் ஊர்களில் நாற்காலி கொடுத்துப் படம் எடுப்பதோடு உதவி முடிந்துவிடுகிறது. அந்த அண்ணா கேட்பது, நாற்காலி ஏறக்கூடிய ஒரு கடைவாசல் மட்டுமே.